சாப்பிள்ளை: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

சாப்பிள்ளை என்றால் உயிரில்லாமல் பிறந்த குழந்தை. சாக்காட்டில் இருக்கிற அதே 'சா'தான், நடுவில் ப் வரும், சேர்த்தே எழுதுங்கள். இன்றைக்கு இந்தச் சொல் பெரும்பாலும் பழமொழியில்தான் உயிரோடு இருக்கிறது: 'சாப்பிள்ளை பெற்றாலும் மருத்துவச்சி கூலி தப்பாது.' காரியம் கெட்டாலும் வேலை செய்தவருக்குக் காசு கொடுத்தாக வேண்டும் என்பதற்கு இதை இழுப்பார்கள். அந்தத் துக்கத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தில் இருந்தால் தயவுசெய்து வேண்டாம், கூலிக்கு வேறு பழமொழி கிடைக்கும்.

சரி, எழுத்தில் என்ன போடுவது? 'இறந்து பிறந்த குழந்தை' போதும். ஆனால் இங்கே இரண்டு வினைகளின் வரிசைதான் எல்லாமே. 'இறந்து பிறந்தது' என்றால் வயிற்றிலோ பிரசவ நேரத்திலோ உயிர் போய்விட்டது. 'பிறந்து இறந்தது' என்றால் வெளியே வந்தபின் ஒரு மூச்சாவது விட்டது, அல்லது வேறு ஏதோ ஓர் உயிர்க்குறி இருந்தது. மாற்றி எழுதினால் பதிவேடே மாறிவிடும். இந்தியாவின் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்கீழ் முதல் வகைக்குத் தனியாகப் படிவம் 3 இருக்கிறது, இறப்புப் பதிவு கிடையாது. இரண்டாம் வகையில் ஒரு நிமிடமே வாழ்ந்திருந்தாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும்.

இறந்து பிறந்ததாகப் பதியக் கர்ப்பம் 28 வாரம் நிறைந்திருக்க வேண்டும். பொதுவாக அதற்கு முன்னால் தானாகக் கலைந்தால் கருச்சிதைவு. இதைக் கருக்கலைப்பு என்று எழுதிவிடாதீர்கள், அது வேண்டுமென்றே செய்வது. குறைப்பிரசவம் வேறு, மாதம் நிறையுமுன் பிறப்பது, அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்து உங்களோடு வேலையும் பார்க்கலாம். சிசு மரணம் உயிரோடு பிறந்து ஒரு வயதுக்குள் இறப்பது. 'பிரசவ மரணம்' என்று தலைப்பு வைத்தால் தாய் இறந்ததாகத்தான் படிப்பார்கள்.

மருத்துவமனைச் சீட்டில் 'ஐயுடி' (IUD) என்று கிறுக்கியிருந்தால் அது வயிற்றிலேயே உயிர் போனதைக் குறிக்கும். காப்பர்-டி போன்ற கருத்தடைச் சாதனத்துக்கும் அதே மூன்று எழுத்துதான், ஆகவே கேட்டுத் தெளிந்த பிறகு மொழிபெயருங்கள்.

வீட்டுப் பேச்சு தனி. எங்கள் அப்பாயி 'ஏழு பெத்தேன், அஞ்சு தங்குச்சு' என்பார். எப்போது போனது, எப்படிப் போனது என்று எதுவும் அதில் இல்லை, கேட்கவும் விடாது. பெற்றவளிடம் பேசும்போது 'குழந்தை' என்றே சொல்லுங்கள். பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயர்.

அப்புறம், விடுப்புக் கடிதம். மகப்பேறு பலன் விதிகளில் 'குழந்தை' என்பதற்குள் இறந்து பிறந்ததும் அடக்கம், கருச்சிதைவுக்கோ 6 வாரம்தான். ஆகவே அலுவலகத்துக்கு எழுதும்போது 'பிரசவம், குழந்தை இறந்து பிறந்தது' என்று தெளிவாக எழுதுங்கள். கூச்சப்பட்டுக் 'கரு கலைந்துவிட்டது' என்று மழுப்பினால் விடுப்பு குறைந்துபோகும்.