தேதி குறித்துவிட்டுக் கண்ணை அளக்க வராதீர்கள்

ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒன்றரை மாதம் முன்னால் எங்கள் பரிசோதனை அறையில் ஒரு கூட்டம் சேரும். பெரும்பாலும் இளம்பெண்கள், கூடவே அம்மாக்கள். கையில் கல்யாணப் பத்திரிகை இருக்கும், இல்லையென்றால் புது வேலைக்கான ஆர்டர் இருக்கும். "சார், இருபதாம் தேதிக்குள்ள லேசர் முடிச்சிரணும்" என்றுதான் பேச்சே தொடங்கும். அந்தக் கண்ணை அதுவரை யாரும் அளந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் நான் ஆப்டோமெட்ரிஸ்ட். கருவிழியை, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலத்தை (கார்னியா), செதுக்கிக் கண்ணாடிப் பவரைப் போக்கும் லேசரைச் செய்வது டாக்டர். அதற்கு முன்னால் பவர், கருவிழியின் கனம், அதன் வளைவு, கண்ணீரின் அளவு எல்லாவற்றையும் அளந்து கொடுப்பது எங்கள் வேலை. வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் முக்கால்வாசியை நானே 24 வயதில் செய்திருக்கிறேன். மை போடாதே என்பது போன்றதையெல்லாம் அச்சடித்த தாளிலேயே தந்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நேற்று வரை லென்ஸ் போட்டுவிட்டு இன்று அளக்க வருவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். பாதி எரிச்சல் வருகிறவர்கள் மீது, மீதி என் மீதே.

காலில் சாக்ஸைக் கழற்றியதும் எலாஸ்டிக் இருந்த இடத்தில் ஒரு தடம் தெரியும் இல்லையா? கான்டாக்ட் லென்ஸும் கருவிழியில் அப்படி ஒரு தடம் போடும். சாக்ஸ் தடம் அரை மணி நேரத்தில் போய்விடும், கருவிழித் தடம் போக வாரக்கணக்கு ஆகும். அழுத்தத்தில் கருவிழி வளையும் என்பதை வைத்தே ஒரு சிகிச்சை இருக்கிறது. ஆர்த்தோ-கே என்று பெயர். இரவில் ஒரு கெட்டி லென்ஸைப் போட்டுத் தூங்கிவிட்டு, பகலில் கண்ணாடி இல்லாமல் நடமாடலாம். கருவிழி அந்த அளவுக்கு இளகிய சரக்கு.

லேசர் செய்யப்போவது அந்தக் கருவிழியில்தான். அமுங்கிய கருவிழியை அளந்தால் வருவது உங்கள் பவர் அல்ல, லென்ஸ் அமுக்கி வைத்த பவர். அதை நம்பி டாக்டர் செதுக்கிவிடுவார். நாள் போகப் போக கருவிழி தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். செதுக்கிய இடம் திரும்பாது.

2008-இல் எனக்கு நடந்தது இதுதான். ஆப்டோமெட்ரி படித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. அக்கா கல்யாணம் வந்தது. மண்டப வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்கும் பெண் வீட்டுத் தம்பி சோடாபுட்டிக் கண்ணாடியோடு நிற்பதா என்று ஒரு வீம்பு. அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது செமி சாஃப்ட் லென்ஸ், கெட்டி ரகம். குறைந்தது மூன்று, நான்கு வாரம் கழற்றி வைக்க வேண்டும் என்று தினமும் நானே நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் லென்ஸ் இல்லாமல் பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போக மனம் வரவில்லை. நான் வேலை பார்க்காத வேறோர் இடத்துக்குப் போனேன். "லென்ஸ் நிறுத்தி எத்தனை நாள் ஆச்சு?" என்றார்கள். "மூணு வாரம்" என்றேன். முந்தின நாள் ராத்திரிதான் கழற்றியிருந்தேன்.

நம்பிவிட்டார்கள். அளவு −6 என்று வந்தது. லேசர் முடிந்தது, கல்யாணத்தில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. தாலி கட்டும்போது அக்கா கண்ணில் நீர் தளும்பியதை மேடைக்குக் கீழே நின்றே பார்த்தேன். பொய்க்குக் கூலி கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். மூன்றாவது மாதம் மாட்டுத்தாவணியில் பஸ் போர்டு மங்கலாகத் தெரிந்தது. அளந்தால் −1.25 மிச்சம் இருந்தது.

சரி, மறுபடி ஒரு தடவை லேசர் வைத்துத் தொட்டுவிட்டால் போயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கைப் பாருங்கள். என் கருவிழியின் கனம் 485 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), சற்று மெல்லிய ரகம். செதுக்குவதற்கு முன்னால் கருவிழியின் மேலடுக்கை ஒரு மடலாகச் சீவித் திறப்பார்கள்; அன்றைக்குப் பிளேடு வைத்துச் சீவிய அந்த மடலுக்கு 140 போயிற்று. −6 பவரைச் செதுக்க, ஒரு பவருக்கு 14 என்று வைத்தால், 84. மீதி 261. அடியில் 250 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது எல்லோரும் கடைப்பிடிக்கிற கீழ்வரம்பு. பலர் இன்னும் கூடுதலாகவே விட்டுவைப்பார்கள். ஆக என் கையிருப்பு 11 மைக்ரான். −1.25-ஐச் சரிசெய்யத் தேவை சுமார் 18. மடலின் மேலேயே தொடும் வழி ஒன்று உண்டு. இவ்வளவு மெல்லிய கண்ணில் அதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பைக் ஓட்டும்போதெல்லாம் கண்ணாடி போடுகிறேன். லென்ஸை ஒழுங்காகக் கழற்றிவிட்டு அளந்திருந்தால் என் கருவிழிக்கு இந்தப் பவர் தாங்காது என்று அன்றே தெரிந்திருக்கும். நானும் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். தேனிப் பக்கம். "லென்ஸ் நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு சார்" என்றாள். கருவிழியின் வளைவை நிறத்தில் காட்டும் மேப்பில் கீழ்ப்பாதி மட்டும் சிவந்திருந்தது. அந்த இடம் கூடுதலாக வளைந்திருக்கிறது என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே போட்டுக்கொடுத்துவிட்டார்: "ஏன்டி, நேத்து ரிசப்ஷனுக்குப் போட்டுட்டுத்தானே போனே?" திருப்பி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து எடுத்த மேப் சீராக வந்தது. அவளுக்குத் தடம்தான், நோய் இல்லை.

நேர் எதிராகவும் நடக்கும். ஒரு கல்லூரிப் பையன், பல வருடமாகக் கெட்டி லென்ஸ் போடுகிறவன். முதல் மேப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. லென்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் எடுத்தோம், லேசாகச் சந்தேகம் வந்தது. ஐந்தாவது வாரம் தெளிவாகத் தெரிந்தது: கேரடோகோனஸ். கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும் நோய். லென்ஸ் அதை அமுக்கி மறைத்து வைத்திருந்தது. அந்தக் கண்ணில் லேசர் செய்திருந்தால், ஏற்கெனவே பலமில்லாத சுவரில் இன்னும் கொஞ்சம் சுரண்டிய கதை ஆகியிருக்கும். பார்வை வருடக்கணக்கில் மோசமாகிக்கொண்டே போகும், கண்ணாடி போட்டாலும் தெளியாது. இப்போது அவனுக்கு கிராஸ்-லிங்கிங் செய்து கருவிழியை இறுக்கியிருக்கிறார்கள்.

ஆகவே சாதாரண சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், சிலிண்டர் பவர் உள்ள டாரிக் என்றால் குறைந்தது இரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் ஒரு மாதம். பல வருடம் போட்டவர்களுக்கு அதற்கும் மேல். நாங்கள் நாளை மட்டும் எண்ணுவதில்லை. சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கிறோம். ஒத்துப்போகவில்லை என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும், முகூர்த்தமே வந்தாலும். உண்மையைச் சொன்னால் நாங்கள் திட்டமாட்டோம். வேறு தேதி கொடுப்போம், அவ்வளவுதான்.

கண்ணைக் கசக்குவது

கசக்காதீர்கள். கசக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பவர் நிற்பதற்குள் வருவது

18 வயது முடிந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கடந்த ஒரு வருடத்தில் பவர் அரைக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்பதுதான் பெரிய நிபந்தனை. அதற்குப் பழைய கண்ணாடிச் சீட்டு வேண்டும். "பழைய சீட்டு இருக்கா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் பவர் நிலையாக இருக்காது, பிறகு வரலாம்.

நாற்பதை மறப்பது

ஒரு நகைப் பட்டறைக்காரர் வந்தார், வயது 43, பவர் −2.5. தூரத்துக்குக் கண்ணாடி போடுவார், கல் பதிக்கும்போது கழற்றி வைத்துவிடுவார். "இந்தக் கண்ணாடியை ஒழிச்சுக் கட்டணும் தம்பி" என்றார். −2.5 பவர் உள்ள கண்ணுக்கு 40 சென்டிமீட்டர் தூரம் எந்தக் கண்ணாடியும் இல்லாமல் தெளிவாகத் தெரியும். அவருக்குப் பிழைப்பே அந்த 40 சென்டிமீட்டரில்தான். லேசர் செய்தால் அது போய்விடும். தூரம் தெரியும், கிட்டப் பார்க்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்துவிடும். அவர் வயதில் தள்ளிப்போடவும் முடியாது, ஏனென்றால் வெள்ளெழுத்து கருவிழிக் கோளாறு இல்லை, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் வருவது. கருவிழியைச் செதுக்கி அதைத் தடுக்க முடியாது.

ஒரு மேஜை விளக்கை ஏற்றி, அவர் தூரப் பவரை ஈடுகட்டும் லென்ஸை டிரையல் ஃபிரேம் என்ற சோதனைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, அவர் மோதிரத்தையே கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். "இதுக்கு நான் காசு வேற குடுக்கணுமா?" என்று எழுந்துவிட்டார். முப்பத்தெட்டு தாண்டியவர்கள் எல்லோரும் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்து பாருங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும்.

"எந்த மெஷின் சார்?" என்று ஆரம்பிப்பது

கைப்பேசி வாங்குவது மாதிரி மாடலை விசாரிக்கிறார்கள். இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்மூர்க்காரர் என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன். 1981-இல் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுவந்து எக்சைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாகச் சீவியது. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரால் அப்படிச் சீவும் அதே வித்தையைத்தான் இன்றும் உங்கள் கருவிழியில் செய்கிறார்கள்.

பிஆர்கே, லாசிக், ஸ்மைல் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கண்ணைப் பொறுத்துத்தான் பேசப்பட வேண்டும். பிஆர்கே என்றால் மேல்தோலை நீக்கிவிட்டுச் செதுக்குவது. மூன்று நாலு நாள் வலிக்கும், பார்வை மெதுவாகத் தெளியும், ஆனால் மடலே கிடையாது. கபடி ஆடுகிற பையனுக்கு முகத்தில் அடிபட்டால் மடல் நகரக்கூடும் என்பதால் டாக்டர்கள் பெரும்பாலும் பிஆர்கேயைத்தான் சொல்வார்கள். மெல்லிய கருவிழிக்கும் அப்படித்தான். லாசிக்கில் மடலைச் சீவித் திறந்து, அடியில் செதுக்கிவிட்டு மூடுவார்கள், மறுநாளே தெரியும். ஸ்மைலில் உள்ளே ஒரு சிறு வில்லையை வெட்டி சின்னத் துளை வழியாக உருவி எடுப்பார்கள், இதற்கு எக்சைமர் இல்லை, வேறு லேசர். பவர் ரொம்பக் கூடுதல் என்றால் மூன்றையும் விட்டுவிட்டுக் கண்ணுக்குள் வைக்கும் ஐசிஎல் லென்ஸைப் பேசலாம்.

வேலை அறிவிப்பைப் படிக்காமல் செய்வது

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் ஆக வேண்டும், கண்ணாடி கூடாது என்கிறார்களே, லேசர் செய்துவிடலாம் என்று வருவார்கள். லாசிக் செய்தவர்களுக்கே அந்த வேலைக்குத் தகுதி இல்லை என்று அறிவிப்பில் அச்சிட்டிருக்கும். பரீட்சை எழுதித் தேறி, மருத்துவச் சோதனையில் நிராகரிக்கப்பட்டு, "இதை மாத்த முடியாதா சார்?" என்று கேட்டு வந்தவனை நான் பார்த்திருக்கிறேன். மாற்ற முடியாது. ராணுவம், விமானப் படைக்கு வேறு வேறு விதிகள். எந்தப் பதவிக்கோ அந்த அறிவிப்பின் மருத்துவப் பகுதியை முதலில் படியுங்கள்.

ஏற்கெனவே உலர்ந்த கண்ணோடு வருவது

பத்து மணி நேரம் ஏசியில் கம்ப்யூட்டர் பார்த்து, கண் மணல் போட்டதுபோல் உறுத்துகிறது என்றால் முதலில் அதற்கு வைத்தியம். லேசரில் கருவிழி நரம்புகள் துண்டிக்கப்படுவதால் சில மாதங்களுக்கு வறட்சி பெரும்பாலோருக்குக் கூடும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் இருக்காதீர்கள்.

முடிந்ததும் ஃபைலைத் தூக்கிப்போடுவது

கண்ணாடி போனதும் கிட்டப்பார்வையே போய்விட்டது என்று நினைப்பார்கள். செதுக்கியது முன்பக்கம் மட்டும். கிட்டப்பார்வைக்குக் காரணமான நீண்ட கண் அப்படியேதான் இருக்கும், பின்னால் விழித்திரை மெலிந்திருந்தால் அதுவும் அப்படியேதான். வருடத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண் அழுத்தம் அளக்கும்போது லேசர் செய்ததைச் சொல்லவும் வேண்டும், கருவிழி மெலிந்ததால் அழுத்தம் குறைவாகக் காட்டும்.

இன்னொன்று கண்புரை. வயதானதும் உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழி வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். லேசர் செய்த கண்ணில் வழக்கமான சூத்திரம் தப்பும். பழைய அளவுகள் கையில் இருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி.

என் ஃபைலை பீரோவில், பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் வலது −6, இடது −6, கனம் 485. அதற்குக் கீழே, எனக்குத் தெரியாத யாரோ ஒருவரின் அழகான கையெழுத்தில், நீல மையில்: "லென்ஸ் நிறுத்தி 3 வாரம்."