ஜோதிடரின் வாழ்க்கையை எழுத ஓர் ‘ஆம்’

ஓய்வு பெறும்வரை அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன் நான். இப்போது ஒரு நூலகத்தின் ஆண்டு மலருக்கு வாழ்க்கைக் குறிப்புகள் எழுதுகிறேன். சென்ற முறை எழுதியது அமெரிக்க ஜோதிடர் இவாஞ்சலின் ஆடம்ஸைப் பற்றி. ஜோதிடரின் வரலாறு எழுத உட்காருகிறவர்களுக்கு, நான் சறுக்கிய இடங்களைச் சொல்லிவைக்கிறேன்.

யாரும் மறுக்க முடியாத தேதிகளை முதலில் தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறப்பு 8 பிப்ரவரி 1868, ஜெர்சி சிட்டி. நியூயார்க்கின் விண்ட்சர் ஹோட்டல் எரிந்தது 17 மார்ச் 1899. குறி சொன்ன வழக்கும் விடுதலையும் 1914. மறைவு 10 நவம்பர் 1932.

பிறகு கதைகள். வழுக்குவது இங்கேதான். ‘விண்ட்சரில் தங்கிய ஆடம்ஸ், அதை நடத்திய வாரன் லேலண்டின் ஜாதகத்தைப் பார்த்து ஆபத்து வருகிறது என்று எச்சரித்தார்; ஹோட்டல் எரிந்தது’ என்று என் முதல் பிரதியில் எழுதியிருந்தேன். மலர்க் குழுவில் இருக்கும் பழைய பத்திர எழுத்தர் ‘எச்சரித்தார்’ என்பதைப் பென்சிலால் வட்டமிட்டு, “சாட்சி யார் சார்?” என்றார். நான் காட்ட முடிந்த சாட்சி ஆடம்ஸின் தன்வரலாறுதான். அது வெளிவந்தது 1926இல், தீ அணைந்து 27 ஆண்டுக்குப் பிறகு. ‘எச்சரித்தாராம்’ என்று திருத்தினேன். ஓர் ‘ஆம்’ போதும். நம் மொழி கொடுத்த வசதி. ஆனால் வரிக்கு வரி போட்டால் நக்கலாகிவிடும். பத்திக்கு ஒன்று வைத்து, மற்ற இடங்களில் ‘என்று தம் நூலில் எழுதுகிறார்’ என்று சமாளியுங்கள்.

வழக்கில் இன்னும் கவனம் வேண்டும். ஆடம்ஸ் ஜோதிடத்தைத் துல்லியமான அறிவியலின் நிலைக்கு உயர்த்துகிறார் என்று நீதிபதி ஃப்ரெஷி சொன்னது உண்மை. அதற்காக ‘ஜோதிடத்தை ஏற்றது அமெரிக்க நீதிமன்றம்’ என்று தலைப்பு வைத்துவிடாதீர்கள். குறி சொல்வதற்கு எதிரான சட்டம் அப்படியே இருந்தது; தப்பியது இவர் ஒருவர். நீதிபதியின் மகனுடைய ஜாதகத்தை, யாருடையது என்று அறியாமலே கணித்தாராம். இங்கே ‘ஆம்’ கட்டாயம்.

நூல்களைப் பற்றி எழுதும்போது அட்டையை மட்டும் நம்ப வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க்கில் இருந்த ஆங்கிலேய மாந்திரீக எழுத்தாளர் அலெய்ஸ்டர் க்ரோலி, ஆடம்ஸுக்காக ஜோதிட நூல் எழுதும் வேலையில் ஈடுபட்டிருந்தார். ஆடம்ஸ் பெயரில் வந்த நூல்களில் க்ரோலியின் கை உண்டு.

கடைசியாக ராசி. ஆடம்ஸின் முறையில் அவர் கும்பம். அவர்கள் பார்ப்பது சூரியன் நிற்கும் இடத்தை. நம் வாசகருக்கோ ராசி என்றால் சந்திரன் நிற்கும் வீடு. சூரியன் நிற்கும் ராசியும் இரு கணக்கிலும் ஒன்றாக இருப்பதில்லை. இதை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள். நான் ‘மேலைக் கணக்குப்படி’ என்று மட்டும் போட்டேன். மலர் வந்த வாரமே அஞ்சலட்டை வந்தது: “பிப்ரவரி 8 தை மாதம். தையில் சூரியன் மகரத்தில் அல்லவா இருப்பார்? புரூஃப் பார்த்தது யார்?”