எதிர்க்கட்சித் தலைவரின் ‘தொலைநோக்கு’: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் வாடை அடித்ததுமே கொழும்பில் எதிர்க்கட்சி அலுவலகங்களில் கொள்கைக் குழுக்கள் முளைத்துவிடும். நாலைந்து பட்டதாரிகள், இரண்டு மடிக்கணினி, “தலைவருக்குத் துணிச்சலான தொலைநோக்கு ஒன்று வேணும்” என்று ஒரு கட்டளை. போன தடவை எங்கே சறுக்கியதோ அங்கேயே இந்தத் தடவையும் புதியவர்கள் சறுக்குகிறார்கள்.

தொலைநோக்கு கட்டாயம் வேண்டுமா என்றால், எப்போதும் இல்லை. 2015 ஜனாதிபதித் தேர்தலில் எதிரணி வேட்பாளர் மைத்திரிபால சிறிசேன 51.28 சதவீதம் எடுத்ததற்கு ஆட்சி மீதிருந்த வெறுப்பும் ஒரு 100 நாள் வேலைத்திட்டமும் போதுமாயிருந்தன. 2010இல், போர் முடிந்த சூட்டில், எதிரணி வேட்பாளர் சரத் பொன்சேகாவுக்கு எதிர்ப்பு மட்டும் போதவில்லை, 40.15 சதவீதத்தோடு நின்றுவிட்டார். ஆகவே சனத்தின் கோபம் முற்றிவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். முற்றவில்லையென்றால் எழுதத்தான் வேண்டும். எழுத்துப்பிழை, மங்கிய அட்டைப்படம் போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுவோம்.

தேர்தல் அறிவித்த பிறகு பேனா எடுப்பது

2024 நாட்காட்டியைப் பாருங்கள். ஜூலை 26 தேர்தல் அறிவிப்பு, ஆகஸ்ட் 15 வேட்புமனு. தேசிய மக்கள் சக்தியின் விஞ்ஞாபனம் ஆகஸ்ட் 26இல் வந்தது. சஜித் பிரேமதாசவினதும் ரணில் விக்கிரமசிங்கவினதும் 29இல். செப்டெம்பர் 4இல் தபால்மூல வாக்களிப்பு தொடங்கிவிட்டது. 7 இலட்சத்துக்கு மேற்பட்ட தபால் வாக்காளர்களுக்குப் படிக்கக் கிடைத்தது ஒரு வாரம், அல்லது அதுவும் இல்லை.

தேசிய மக்கள் சக்தியின் தலைவர் அநுரகுமார திசாநாயக்க 2019இல் 3.16 சதவீதம், 2024இல் முதல் எண்ணிக்கையில் 42.31. இடையில் நாடு வங்குரோத்தானது பெரிய காரணம். ஆனால் அந்த ஐந்து வருடமும் ஊர் ஊராகச் சிறு கூட்டம் போட்டு ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்ததும் சேர்ந்துதான் அந்த வாக்கு. ஒவ்வொரு துறையையும் தனித்தனியாக, குறைந்தது ஒரு வருடம் முன்பே வெளியிடுங்கள். கடைசியில் விஞ்ஞாபனம் என்று வருவது அவற்றின் தொகுப்பாக இருந்தால் போதும்.

தொகையைச் சொல்லி, பணம் எங்கே என்று சொல்லாதது

இவ்வளவு பட்ட பிறகும் இதைச் செய்கிறார்களே என்று எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான்.

2019இல் எதிரணி வேட்பாளர் கோட்டாபய ராஜபக்ஷவின் ‘சுபீட்சத்தின் நோக்கு’, 15 சதவீதமாக இருந்த வற் வரியை (பெறுமதி சேர் வரி) 8 ஆக்குவதாகச் சொன்னது. துண்டு விழும் பணத்துக்கு நம்பும்படியான கணக்கு இல்லை. நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர தேர்தலுக்கு முன்பே எச்சரித்தார், கேட்பாரில்லை. வென்று இரண்டு வாரத்தில், டிசம்பர் 1 முதல் வரி 8 ஆனது. அதோடு, எவ்வளவு விற்றால் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்ற எல்லையும் ஆண்டுக்கு 1.2 கோடி ரூபா விற்பனையிலிருந்து 30 கோடிக்குத் தாவியது. புறக்கோட்டையில் ஆண்டுக்கு ஐந்து கோடி புரளும் ஒரு மொத்த வியாபாரக் கடை, நேற்று வரை வரி கட்டியது, விடிந்தால் பதிவுக்கு வெளியே. வீதத்தைத் திரும்ப ஏற்றுவது சுலபம். வெளியே போன கடையைத் தேடிப் பிடித்து உள்ளே கொண்டுவர ஆளும் கோப்பும் வருடங்களும் வேண்டும்.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. கோவிட்டும் உரத்தடையும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனால் திறைசேரியில் முதல் ஓட்டை விழுந்தது இந்த வாக்குறுதியால். பிறகு வற் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. எட்டுக்கு ஆசைப்பட்டு வாக்குப் போட்டவர் தலையில் பதினெட்டு.

கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அரச ஊழியருக்கு மாதம் 1,000 ரூபா கூட்டுவதென்றால், 12 இலட்சம் பேர் என்று குறைத்து வைத்தாலும் ஆண்டுக்கு 1,440 கோடி. அடுத்த கேள்வியில்தான் புதியவர்கள் விழுகிறார்கள்: படியாகவா, அடிப்படைச் சம்பளத்திலா? படியென்றால் ஏறக்குறைய அந்தத் தொகையோடு போகும். அடிப்படையில் கூட்டினால், அதை வைத்துக் கணக்கிடும் மேலதிக நேரக் கொடுப்பனவும் இனி ஓய்வுபெறுவோரின் ஓய்வூதியமும் சேர்ந்து ஏறும். ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி வருவார்கள்.

மேலே இரண்டு கூரை இருக்கிறது. சர்வதேச நாணய நிதியத் திட்டத்தில் 2025 முதல் முதன்மை மீதி, அதாவது வட்டியைத் தவிர்த்த செலவு போக வருமானத்தில் மிஞ்சுவது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம் இருக்க வேண்டும். 2024இன் 44ஆம் இலக்க பொது நிதி முகாமைத்துவச் சட்டம் வட்டி நீங்கலான முதன்மைச் செலவை அதே உற்பத்தியில் 13 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. மாதம் 2 இலட்சம் வரை சம்பாதிப்பவருக்கு வருமான வரி இல்லை என்று சொல்லி வந்த தேசிய மக்கள் சக்தியே 2025 ஏப்ரலில் 1.5 இலட்சத்தோடு நிற்க வேண்டி வந்தது.

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஒரு தாள் போடுங்கள்: முதல் வருடச் செலவு, ஐந்தாம் வருடச் செலவு, எந்த வருமானத்திலிருந்து, எந்தச் செலவைக் குறைத்து, கணக்குப் பார்த்தவர் யார். வருமான நிரலில் “ஊழலை ஒழித்து மிச்சம்பிடிப்பது” என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம்.

150ஐ எண்ணாதது

நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15க்குள் ஒழிப்பதாகத் திகதி குறித்துச் சொன்னவர் சந்திரிகா குமாரதுங்க. ஜனாதிபதித் தேர்தலில் 62.28 சதவீதம் எடுத்தார். ஆனால் 225 பேர் கொண்ட சபையில் அவருடைய கூட்டணிக்கு இருந்தது 105 ஆசனம், அரசியலமைப்பைத் திருத்த வேண்டியது மூன்றில் இரண்டு, அதாவது 150. முறை இன்றைக்கும் இருக்கிறது. 2015இல் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19ஆம் திருத்தத்தின் சில பிரிவுகளுக்குச் சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதும் அவற்றைக் கழற்றிவிட்டுத்தான் நிறைவேற்றினார்கள். ஒவ்வொரு வாக்குறுதியின் ஓரத்திலும் எழுதுங்கள்: வர்த்தமானி போதுமா, சாதாரண பெரும்பான்மையான 113 பேரா, 150 பேரா, 150 பேரோடு வாக்கெடுப்புமா.

அடுத்தவர் பணத்தில் தாராளம் காட்டுவது

தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளத்தைக் கட்டுவது பெரும்பாலும் கம்பனிகள். 2019 தேர்தலில் சொன்ன 1,000 ரூபா, குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பளச் சபை வழியாக 2021 மார்ச்சில்தான் வர்த்தமானியில் ஏறியது. 2024 மே தினத்தில் 1,700 என்று அறிவித்ததும் கம்பனிகள் நீதிமன்றம் போயின. சம்பளச் சபையில் எப்படி வாக்குச் சேர்ப்பீர்கள் என்று எழுதாமல் தொகையை மட்டும் எழுதாதீர்கள்.

சிங்கப்பூர் ஆக்குவது

வேண்டாம்.

தமிழ்ப் பிரதியைப் பிறகு பார்க்கலாம் என்பது

சிங்களப் பிரதி வரும் அதே நாளில், அதே பக்க எண்ணிக்கையில். வாக்களிப்புக்கு மூன்று நாள் முன்னால் கொட்டாஞ்சேனையில் கட்டுக்கட்டாக இறக்கிவிட்டுப் போவதில் பயனில்லை.

அச்சுச் செலவை மறப்பது

2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தலில் உச்சவரம்பு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா. விஞ்ஞாபனம் அச்சிட்ட காசும் இந்தக் கணக்கில்தான் வரும். அச்சகப் பற்றுச்சீட்டை அன்றைக்கே வாங்கி, ஒரு பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுத்து வையுங்கள்.