ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளையிடம் நாம் செய்யும் தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஆறாம் வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். போன ஏப்ரல் வரைக்கும் தன் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூத்த பிள்ளையாக இருந்து, பிரேயருக்கு மணி அடித்து, ஒண்ணாப்புக் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி வைத்த பிள்ளை, இங்கே பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கீழே வைக்கச் சொன்னாலும் வைக்காது. அங்கே எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர், அவருக்கு இவன் அம்மாவையும் தெரியும், இவன் வீட்டு ஆட்டுக்குட்டியையும் தெரியும். இங்கே முக்கால் மணி நேரத்துக்கு ஒருவர் வந்து போகிறார், ஒருவருக்கும் இவன் பெயர் தெரியாது. பல வருடமாக ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த வயதுப் பிள்ளைகளின் கஷ்டம் எப்போதும் படிப்பில்தான் வெளியே தெரியும், காரணம் வேறெங்காவது இருக்கும். நாமோ தெரிகிற இடத்தையே பிடித்துக்கொண்டு திட்டுகிறோம்.

பயமுறுத்தி அனுப்புவதில் தொடங்குகிறது தவறு. “இனிமே பெரிய ஸ்கூல், அங்க தோலை உரிச்சிருவாங்க” என்று விளையாட்டாகச் சொல்கிறோம். பிள்ளை அதை அப்படியே நம்பிக்கொண்டு வருகிறது. சந்தேகம் கேட்கக் கை தூக்க அதற்குத் தீபாவளி வரைக்கும் ஆகிறது.

அடுத்தது பசி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என்றுதான் ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சூடாகச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் காலையில் வெறும் வயிற்றோடு நிற்கிறது. அம்மா ஆறரை மணிக்கே மில் வண்டி ஏறிப் போய்விடுகிற வீட்டில், மதியச் சத்துணவு வரைக்கும் டீதான். ஒரு பையன் தினமும் இரண்டாவது பீரியடில் பெஞ்சில் தலை சாய்த்துவிடுவான். “ராத்திரி முழுக்க போன் பாத்தியா?” என்று கேட்டேன், ஆமாம் என்று தலையாட்டினான். ஒரு வாரம் அதற்காகவே திட்டு வாங்கினான். அப்புறம்தான் தெரிந்தது, அவன் வீட்டில் இருப்பது பட்டன் போன். பசிக்கிறது என்று நாற்பது பேர் முன்னால் சொல்வதைவிட, போன் பார்த்தேன் என்று திட்டு வாங்குவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. தூங்கும் பிள்ளையை எழுப்பி நிற்க வைக்கும் முன், வராண்டாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு “காலைல என்ன சாப்ட்ட?” என்று கேளுங்கள். “சாப்ட்டியா?” என்று கேட்டால் எல்லோரும் “சாப்ட்டேன்” என்றுதான் சொல்வார்கள்.

சரி, பெற்றோர் ஒன்று கவனிக்கலாம். சாயங்காலம் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வந்தால், கழிவறைக்குப் போகப் பயந்து பிள்ளை தண்ணீரே குடிக்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். கதவில் தாழ்ப்பாள் இல்லை, பெரிய வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள், பாதி பீரியடில் கேட்டால் “இன்டர்வெல்ல என்ன பண்ணின?” என்று அதட்டல். பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். ஆறு, ஏழாம் வகுப்பில்தான் நிறையப் பேர் பெரியவளாகிறார்கள். சடங்கு முடிந்து பத்துப் பதினைந்து நாள் கழித்து வருகிற பிள்ளையை, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி “ஏன் இத்தனை நாள் லீவு? லெட்டர் எங்க?” என்று நிறுத்துவதைவிடக் கொடுமை வேறில்லை. தெருமுனையில் அவள் படம் போட்ட பிளெக்ஸ் ஏற்கெனவே நிற்கிறது, பையன்கள் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். விட்டுப்போன நோட்டை ஒரு தோழியிடம் வாங்கிக் கையில் கொடுத்து உட்காரச் சொன்னால் போதும்.

அப்புறம் அந்த லீடர் முறை. ஆசிரியர் வராத பீரியடில் பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுது என்று ஒரு பிள்ளையிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுப் போகிறோம். அதற்குப் பிறகு நடப்பதை நாம் பார்ப்பதில்லை. பிடிக்காதவன் பேசாமலே இருந்தாலும் பெயர் ஏறும், பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறி, மூன்று பெருக்கல் குறி. பேனா கொடுத்தவன் பெயர் அழியும். எழுதிய பிள்ளைக்குப் பள்ளி விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டில் அடி விழும். தயவு செய்து இதை நிறுத்துங்கள். ஆள் இல்லாத பீரியடுக்கு நூலகப் புத்தகங்களைக் கொடுத்து உட்கார வைக்கலாம்.

பட்டப்பெயரையும் லேசாக விடாதீர்கள். பல ஊர்ப் பிள்ளைகள் முதல் தடவையாக ஒன்றாகச் சேரும் இடம் இது. யார் எந்தத் தெரு என்ற விசாரணையும் கையில் கட்டும் கயிற்றின் நிறமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சாதிப் பகையில் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான் ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்று 2024 ஜூனில் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. “சின்னப் பசங்க, கேலிதானே” என்று நாம் சிரித்துக்கொண்டு நகர்ந்தால், அதைத் தப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு பிள்ளை துணிந்து வந்து, யாரோ தொட்டார் என்றோ மிரட்டுகிறார் என்றோ சொல்லும்போது “நீ ஏன் அங்க போன?” என்று கேட்டுவிடாதீர்கள். அதோடு அந்த வாய் மூடிவிடும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சொல்லு” என்று சத்தியமும் செய்யாதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் புகார் சொல்லியே ஆக வேண்டும், கொடுத்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. “உனக்கு உதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்வேன்” என்று சொன்னாலே நம்புவார்கள். அதை ஆசிரியர் அறையில் கதையாகப் பேசவும் கூடாது, மறுநாளே பிள்ளைகள் காதுக்குப் போய்விடும். குழந்தைகளுக்கான உதவி எண் சைல்டுலைன் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. மூன்றையும் முதல் வாரத்திலேயே, நோட்டின் உள் அட்டையில் அவர்கள் கையெழுத்திலேயே எழுத வைத்துவிடுங்கள்.