இலைச் சீட்டிலிருந்து தற்குறிப்பு வரை: வேலை தேடுவோருக்கான கைப்பேசிப் பயிற்சி

கோத்தகிரிப் பக்கம் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளின் தற்குறிப்பைப் (ரெஸ்யூம்) பார்த்தால், பெரும்பாலானவற்றில் ‘கணினி அறிவு உண்டு’ என்ற ஒரு வரி இருக்கும். அதைப் படிக்கும் மேலாளருக்கு எதுவும் விளங்காது. கணினி வகுப்புக்குக் கட்டப் பணமும், குன்னூருக்கோ ஊட்டிக்கோ தினமும் பேருந்தில் போய்வர நேரமும் இல்லாதவர்கள்கூட, வீட்டிலுள்ள கைப்பேசியையும் தொழிற்சாலைக்கு இலை கொடுக்கும்போது கிடைக்கும் பச்சைத் தேயிலை எடைச் சீட்டுகளையும் கொண்டே அந்த வரியை மெய்யாக்கிக்கொள்ளலாம்.

முதல் படி, மின்னஞ்சல். உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் மட்டும் கொண்ட முகவரி ஒன்றைத் தொடங்குங்கள். செல்லப் பெயரும் நடிகர் பெயரும் வேண்டாம்.

இரண்டாம் படிதான் முக்கியமானது. இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கட்டங்களில் கணக்குப் போடும் கூகுள் ஷீட்ஸ் செயலியில் புதிய தாளைத் திறந்து, முதல் வரிசையில் தேதி, எடை, கழிவு, தொகை என நான்கு தலைப்புகளை இடுங்கள். மழையில் நனைந்த இலைக்கு எடையில் கழிவு பிடிப்பார்கள் என்பதால் அதற்குத் தனிக் கட்டம் தேவை. இலையின் விலை மாத முடிவில்தான் உறுதியாகும் என்பதால், அதை ஒவ்வொரு வரிசையிலும் எழுதாமல், எஃப் நெடுவரிசையின் முதல் கட்டத்தில் ஒரே ஒரு முறை எழுதுங்கள். பிறகு தொகைக் கட்டத்தில் சமக்குறி இட்டு, அடைப்புக்குறிக்குள் எடையிலிருந்து கழிவைக் கழித்து, அதை விலைக் கட்டத்தால் பெருக்குங்கள். விலைக் கட்டத்தின் பெயரை எழுதும்போது எஃப் என்ற எழுத்துக்கு முன்னும் 1 என்ற எண்ணுக்கு முன்னும் டாலர் குறி இட வேண்டும்; இரண்டாம் வரிசையில் இது =(B2-C2)*$F$1 என்று இருக்கும். அப்போதுதான் இந்த வாய்பாட்டை (ஃபார்முலா) கீழ்க் கட்டங்களில் நகலெடுத்து ஒட்டும்போது விலை இடம் மாறாது. எடை 42 கிலோ, கழிவு 2 கிலோ, விலை 20 ரூபாய் என்று எழுதிப் பாருங்கள். 800 வர வேண்டும். விலையை 22 ஆக்கினால் மாதம் முழுவதற்குமான தொகையும் ஒரே நொடியில் மாறுவதைக் காண்பீர்கள். முதன்முறை அதைக் கண்டவர்களின் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே இந்தப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தர எனக்குப் பிடிக்கும். மூடுபனி நாளில் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால், இணையம் இல்லாதபோதும் தாள் திறக்கும்படி செயலியின் பட்டியலில் முன்கூட்டியே தேர்வு செய்துவையுங்கள்.

தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலும், தங்கும் விடுதியின் வரவேற்பறையிலும், காய்கறி மண்டியிலும் வேண்டியிருப்பது இதே கணக்குதான். ஆகவே மூன்றாம் படியாக, ஒரு பக்கத் தற்குறிப்பில் ‘கூகுள் ஷீட்ஸில் வாய்பாடுகளுடன் மூன்று மாத இலைக் கணக்கைப் பராமரித்துள்ளேன்’ என்று, உண்மையிலேயே செய்து முடித்த பிறகு எழுதி, பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

கணினி கிடைக்கும் நாட்களில் தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற இந்த முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் பெரும்பாலான மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் இருக்கும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டல்கள் போதும், புள்ளி தானே விழும்.

அடுத்தது பதிவு. அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இணையதளத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை மறவாமல் புதுப்பியுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதியலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வேலை உறுதி என்று சொல்லி முன்பணமோ ஓடிபி எண்ணோ கேட்பவர்களுக்கு எதையும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே இணையப் பண மோசடிகளுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு குறையும்.

விண்ணப்பிக்கும்போது மின்னஞ்சலின் பொருள் வரியில் பணியின் பெயரையும் உங்கள் பெயரையும் எழுதுங்கள். நிறுவனத்துக்கு அனுப்புவதற்கு முன் அதைத் தோழி ஒருவருக்கு அனுப்பி, அவருடைய கைப்பேசியில் கோப்பு திறக்கிறதா, அதிலுள்ள எண்ணை அழைத்தால் உங்கள் கைப்பேசி ஒலிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.