மண்ணின் பி.எச். பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியின் மழை மண்ணிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் காலங்காலமாகக் கரைத்துக் கொண்டுபோய்விட்டதால், கோத்தகிரி, குன்னூர் பக்கத்து மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அந்த அமிலத்தன்மையைச் சொல்லும் எண்தான் பி.எச்.: 7 நடுநிலை, அதற்குக் கீழே போகப்போக அமிலம் கூடும். 4.5 முதல் 5.5 வரையிலான பி.எச். தேயிலைக்கு ஒத்துப்போகும், முட்டைக்கோசுக்குப் போதாது. அதனால் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மலைக்காய்கறிக்கு மாறுகிறவர்கள் முதலில் மண்ணைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

அந்த எண்ணைத் தராசு காட்டும் எடையைப்போலப் படிப்பதுதான் முதல் தவறு. 1909-இல் டென்மார்க்கின் வேதியியலாளர் சோரன்சன் வகுத்தது மடக்கை அளவுகோல். எண் ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்காகும். பி.எச். 4 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலையும் பி.எச். 6 உள்ளதையும் சம அளவில் கலந்தால் 5 வராது, ஏறக்குறைய 4.3 வரும்.

இதைவிடச் செலவு வைக்கும் தவறு, பி.எச். ஒன்றை வைத்தே, மண்ணின் அமிலத்தைத் தணிக்க இடும் சுண்ணாம்பின் அளவைக் கணக்கிடுவது. ஒரே செறிவுள்ள, அதாவது 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 1, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு அது 2.9. ஆனாலும் ஒரு லிட்டரை நடுநிலையாக்க இரண்டுக்கும் ஒரே அளவு காரம்தான் தேவை, ஏனெனில் வீரியம் குறைந்த அமிலம் தன் ஹைட்ரஜனில் பெரும்பகுதியை வெளிக்காட்டாமல் கைவசம் வைத்திருந்து, காரம் சேரச்சேர விட்டுக்கொடுக்கிறது. மண்ணும் அப்படித்தான். மேட்டிலுள்ள மணற்பாங்கான மண்ணும், பள்ளத்தில் மக்கு நிறைந்த கருமண்ணும் ஒன்றுபோல 5 காட்டலாம். களியும் மக்கும் பிடித்துவைத்திருக்கும் அமிலம் மிகுதி என்பதால் பள்ளத்து மண் கூடுதல் டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) கேட்கும். ஆகவே மண் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது பி.எச்.சுடன் சுண்ணாம்புத் தேவையையும் கேட்டு வாங்குவது நல்லது. உருளைக்கிழங்கு போடும் பாத்தியில் அளவு மீறினால், 5.5-க்கு மேல் சொறிநோய்க்கு வழி பிறக்கும்.

வீட்டில் பார்ப்பதென்றால் 10 கிராம் மண்ணுக்கு 25 மில்லி காய்ச்சி வடித்த நீர். ஊற்றுத் தண்ணீர் தன் உப்புகளையும் சேர்த்துக் காட்டிவிடும். கடையில் விற்கும் பேட்டரி தண்ணீர் உதவும் (பேட்டரி ஆசிட் அல்ல, புட்டியைப் படித்துப் பார்த்து வாங்கவும்). அந்தத் தண்ணீரை மட்டும் சோதித்து, 7 காட்டவில்லையே என்று பி.எச். கருவியைத் தூக்கியெறிய வேண்டாம். திறந்து வைத்த தூய நீர், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு 5.6 வரை இறங்கும்.

சுண்ணாம்பையும் அமோனியம் சல்பேட் உரத்தையும் ஒரே நடையில் முடிக்கலாமென்று கலந்து தூவுவதும் உண்டு. ஈரம் பட்டதும் காரம் அமோனியாவை வாயுவாக வெளியேற்றும். குவியலருகே குனிந்தால் மூக்கில் ஏறும் அந்த நெடி, காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து.