கொசுப்புழு தேடும் முறை: புது ஆற்றங்கரையிலிருந்து

கொசு மருந்து வாங்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் ஊரில் எந்தக் கொசு, எந்தத் தண்ணீரில் பிறக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கத்தில் விலங்கியல் ஆசிரியராக இருக்கிறேன். புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயல் பக்கம் கிளம்பிவிடுவேன். அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன். வெள்ளைக்காரன் காலத்து மலேரியா ஆய்வில் வளர்ந்த முறை இது. செலவு அதிகமில்லை, யாரும் செய்யலாம்.

வேண்டிய சாமான்: உட்புறம் வெள்ளையாக இருக்கும் எனாமல் குவளை ஒன்று, அதைக் கட்ட ஒரு கம்பு, வெள்ளைத் தட்டு, இங்க் ஃபில்லர், கைலென்ஸ், நாலைந்து கண்ணாடி பாட்டில், கொசுவலைத் துண்டு, நோட்டு. வெள்ளை நிறம் முக்கியம். எவர்சில்வர் மினுமினுப்பில் புழு கண்ணுக்குப் படாது. கிணறு பார்ப்பதென்றால் முகம் பார்க்கும் கண்ணாடியும் கயிறு கட்டிய வாளியும் வேண்டும். கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அடித்தால் தண்ணீரின் விளிம்பு வரை தெளிவாகத் தெரியும். பிள்ளைகளைக் கிணற்றடிக்குத் தனியாக அனுப்பாதீர்கள்.

காலை வெயிலில் போங்கள். வெயில் உங்கள் முகத்தில் அடிக்கும்படி நில்லுங்கள், நிழல் முதுகுக்குப் பின்னால் விழட்டும். தண்ணீர் மேல் நிழல் பட்ட நொடியே புழுவெல்லாம் அடியில் போய்விடும். குவளையைச் சாய்த்து, ஓரத்துப் புல்லை ஒட்டி, மேல்தண்ணீர் மட்டும் வழிந்து உள்ளே வருமாறு மெல்ல அமிழ்த்துங்கள். கலங்கிவிட்டால் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று மறுபடி எடுங்கள். நோட்டில் இடம், தேதி, எத்தனை முறை முகந்தீர்கள், எத்தனை புழு என்று எழுதுங்கள். புழு கிடைக்காத இடத்தையும் எழுத வேண்டும். அடுத்த வாரம் ஒப்பிட அதுதான் உதவும்.

இனி, எந்தப் புழு என்று பாருங்கள். தண்ணீர்ப் பரப்போடு படுக்கையாகக் கிடந்தால் அனாபிலஸ், அதாவது மலேரியாக் கொசு. வால்பக்கக் குழாயை மேலே வைத்துத் தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலெக்ஸ். பெரும்பாலும் சாக்கடையில் கிடைக்கும். ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்கி, பாம்பு போல நெளிந்து போவது ஏடிஸ். டெங்குவைப் பரப்புவது இது. இதை வயலில் தேட வேண்டாம். வீட்டுத் தொட்டி, டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு இவற்றில் பாருங்கள். ஆகாயத்தாமரை மூடிய குளத்தில் வேறு மாதிரி தேட வேண்டும். அங்கே மான்சோனியா என்ற இன்னொரு கொசுவின் புழு வேரில் குத்திக்கொண்டு மூச்சு விடும், குவளைக்கு வராது. செடியைப் பிடுங்கி வெள்ளைத் தட்டில் உதறுங்கள்.

சந்தேகம் இருந்தால் வளர்த்துப் பாருங்கள். பாட்டிலில் அதே குளத்துத் தண்ணீரை விட்டு, வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள். சில நாளில் கொசு வந்துவிடும். வால் தூக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, இறக்கையில் புள்ளியும் இருந்தால் அனாபிலஸ். ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் செய்த சோதனைக்கும் அடிப்படை இப்படிப் புழுவிலிருந்து கொசு வளர்த்ததுதான். வேறு யாரையும் கடிக்காத கொசு அவருக்குத் தேவைப்பட்டது. ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி, கொசுவுக்கு ஒரு அணா என்ற கூலிக்குத் தன் உடம்பைக் கடிக்கக் கொடுத்தார். அப்படிக் கடித்த கொசுவின் வயிற்றில்தான் ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு ராஸுக்குப் போனது. ஹுசேன் கானின் பெயரைச் சொல்லாமல் நான் இந்தப் பாடத்தை நடத்துவதில்லை.

சரி, எந்தத் தண்ணீரைத் தேடுவது? எங்கள் ஊர்க் கதையே இதற்கு நல்ல பாடம். 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியாக இந்த மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் வந்தது. தண்ணீரோடு குளிர்காய்ச்சலும் வந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் 1930களின் பிற்பகுதியில் இங்கே ஆய்வு நடத்தினார். நோயைப் பரப்பியது அனாபிலஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற கொசு இனம். அது முட்டையிடும்போது தண்ணீரில் உட்காராது. சற்று மேலே பறந்தபடி ஆடி ஆடி முட்டையை உதிர்க்கும். ரஸ்ஸலும் அவரோடு ஆய்வு செய்த ராமச்சந்திர ராவும் தண்ணீரில் கண்ணாடிக் குச்சிகளை நட்டுப் பார்த்தார்கள். குச்சி நெருக்கமாக இருந்த இடத்தில் முட்டை விழவில்லை. நெற்பயிர் ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் தாள்களே தடுப்பாகிவிடுகின்றன.

ஆகவே வளர்ந்த பயிருக்குள் குவளையோடு அலைய வேண்டாம். புதிதாக நட்ட வயல், தண்ணீர் நிற்கும் தரிசு, கரை போட மண் எடுத்த பள்ளம், வாய்க்கால் கசிவு இவற்றைப் பாருங்கள். பள்ளத்தை ஊராட்சி மூலம் மூடச் சொல்லலாம். வயலில் தொடர்ந்து தண்ணீர் கட்டாமல், இடையில் வற்றவிட்டுப் பாய்ச்சும் முறையும் அப்போதே இங்கே சோதிக்கப்பட்டது. புழுவும் குறையும், தண்ணீரும் மிச்சம்.

இனம் பார்க்காமல் வேலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மலாயா (இன்றைய மலேசியா) சாட்சி. 1901இல் அங்கே கிள்ளான் ஊரில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்து, காட்டை வெட்டினார். காய்ச்சல் குறைந்தது, ஏனென்றால் அங்கிருந்த அம்ப்ரோசஸ் கொசுவுக்கு நிழல் வேண்டும். அதே வேலையை மலையடி ரப்பர் தோட்டங்களில் செய்தபோது வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் மாக்குலேட்டஸ் என்ற வேறு கொசு பெருகியது. லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள். தண்ணீரை நிலத்தடிக் குழாயில் விட்டும் எண்ணெய் தெளித்தும்தான் பிறகு கட்டுப்படுத்தினார்கள்.

வீட்டு வேலை எளிது. தொட்டிக்கு இடைவெளியில்லாத மூடி போடுங்கள். வாரம் ஒருமுறை காலிசெய்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள், ஏடிஸ் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பயன்படாத கிணற்றில் கம்பூசியா மீன் விடலாம். ஏரி குளத்தில் மட்டும் விடாதீர்கள், நாட்டு மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் அது தின்றுவிடும். குடிக்கும் தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

நோட்டின் நகலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். அனாபிலஸ் கிடைத்த தெருவில் யாருக்காவது காய்ச்சல் இருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அப்புறம், பாட்டிலில் மிஞ்சிய புழுவைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அங்கே பிழைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.